நஸ்ரின் நிறுத்திய இடம்

போன மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு டேப்லட். இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, முழங்காலைக் காரணம் காட்டி ஐம்பத்து மூன்று வயதில் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த வாசிப்பு மையத்தில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை ஒரு பத்தியை உரக்க வாசித்தால் அந்தக் கருவி கேட்டுக்கொண்டே இருக்குமாம். முடித்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டுமாம். நானே வாசித்துப் பார்த்தேன். பச்சை வந்தது. என்ன வாசித்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

"இனிமே வீடு வீடா அலைய வேண்டாம் டீச்சர். ஸ்கோர் தானா வந்துரும்," என்றாள் ஒருத்தி.

"உங்க சர்வீஸ்லயே ரொம்ப கஷ்டமான கேஸ் எது டீச்சர்?" என்றாள் மற்றவள்.

"உங்க கருவில முழுப் பச்சை வாங்கியிருப்பா, அப்படி ஒரு பொண்ணு," என்றேன்.

அவர்களுக்கு டீ ஆறுவதற்குள் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன். நிதானம் என் பிறவிக் குணம் அல்ல. ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் வாசலில் நிற்கிறவள் நான்.

எங்கள் மையம் மாட்டுங்காவில், பூக்கடைகளுக்குப் பின்னால். இரண்டு அறை, ஓர் இரும்பு அலமாரி, எப்போதும் ஈரமாக இருக்கும் படிக்கட்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் எங்களிடம் வருவதில்லை. அவர்களுக்கு வேறு இடம் உண்டு. வருகிறவர்கள் எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிறவர்கள். வாசிப்பார்கள், வாசித்தது உள்ளே போகாது. புத்தகத்தைக் கண்டால் தலைவலி, வயிற்றுவலி, அவசரமாக பாத்ரூம். வாரம் இரண்டு நாள் அவர்கள் வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வகுப்பில் ஐம்பது பேருக்கு நடுவே ஒளியத் தெரிந்த பிள்ளை தன் வீட்டில், தன் பாயில் ஒளிய இடமில்லாமல் அகப்படும் என்பது மையத்தின் நம்பிக்கை. ஆக, என் உத்தியோகம் பாதி ரயிலில், பாதி பாயில். செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கி, அங்கிருந்து தாராவி, வடாலா, சில வருடம் முலுண்ட். எத்தனை கதவு, எத்தனை பாய், எத்தனை வீட்டுத் தண்ணீரின் ருசி!

பயிற்சி என்று மூன்று மாதம் மூத்த ஆசிரியைகளின் பின்னால் பை தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும், அறிவுரை கொடுக்கக் கூடாது என்று கற்றேன். மற்றதையெல்லாம் கோமதி மேடம் கற்றுத்தந்தார். பேசாமலே.

கோமதி மேடம் எங்கள் தலைமை. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். சொல்லாமல் கொள்ளாமல் பாடம் நடக்கும் வீட்டுக்கு வந்து நிற்பார். செருப்பு இரண்டையும் சேர்த்து, சுவரை ஒட்டி, நேராக வைப்பார். காட்டிய இடத்தில், அது கேஸ் சிலிண்டருக்குப் பக்கமானாலும், உட்காருவார். டீ கொடுத்தால் பாடம் முடியும்வரை தொடமாட்டார். ஆடை படிந்த அந்த டீயை எழுந்திருக்கும்போது ஒரே மூச்சில் குடிப்பார். நடுவில் ஒரு சொல் வராது. மடியில் ஓர் அட்டை, கையில் பென்சில். மறுநாள் காலை என் மேசையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதில் ஒரே வரி. எனக்கு வந்த முதல் சீட்டு: 'குழந்தை ஒன்பது வாக்கியம் பேசியது. நீ எழுபது.'

உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்! அன்று ரயிலில் அழுதேன். மறுநாளிலிருந்து நானும் எண்ணத் தொடங்கினேன்.

எங்கள் வேலைமுறை கேட்க எளிது. பிள்ளை ஒரு பத்தி வாசிக்கும். புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கும். வாசித்ததைத் தன் வாயால் சொல்லும். பத்தி ஆங்கிலமானாலும் சொல்வது தமிழோ இந்தியோ, நாக்கில் எது முந்துகிறதோ அது. ஒரு சொல்லும் மாற்றாமல் நான் அதை நோட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் தானே ஒப்பிட்டுப் பார்க்கும். புத்தகத்தில் இருப்பதற்கு டிக். தானாகச் சேர்த்ததற்கு வட்டம். விட்டுப்போனதற்கு ஒரு கோடு. 'தப்பு' என்ற சொல் என் வாயிலிருந்து வரக் கூடாது. 'புரிஞ்சுதா?' என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்ன பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பாடம் நடக்கும்போது குடும்பத்தார் அறையில் இருக்கக் கூடாது. அந்த விதிக்கு நானே காரணம். முலுண்டில் ஒரு பையனிடம் 'அடுத்து என்ன ஆச்சு?' என்று கேட்பேன். சமையலறையிலிருந்து அம்மா பதில் சொல்வார், குக்கரின் இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவே. ஒரு வருடமாக நான் அந்த அம்மாவுக்குத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது கடைசிப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அம்மா நன்றாகத் தேறியிருந்தார். பையன் அப்படியே இருந்தான். கோமதி மேடம் விதியை டைப் அடித்து எல்லோர் கையிலும் கொடுத்தார்.

இனி நஸ்ரின்.

என் ஓய்வுக்கு ஆறு வருடம் முன்பு அவள் பெயர் என் பட்டியலில் வந்தது. பதினைந்து வயது. தாராவியில் தோல் பர்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருந்த காதர் பாயின் மகள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பட்டறை கீழே, வீடு மேலே ஒரே அறை. நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்து ஏற ஒரு கயிறு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவில் ஆங்கிலப் பள்ளியில் ஒன்பதாவது. கணக்கில் நல்ல மார்க். மற்றப் பாடங்களில் கேள்வி ஒரு திசை, பதில் ஒரு திசை. பள்ளியில் கடிதம் கொடுத்திருந்தார்கள்: வாசித்துப் பொருள்கொள்கிறாள் என்று ஜனவரிக்குள் எங்கள் மையம் சான்று கொடுத்தால் பத்தாவதில் உட்காரவைப்பார்கள். இல்லையென்றால் டி.சி.

காதர் பாய் ஒளிவுமறைவில்லாத மனிதர். "டி.சி. குடுத்துட்டாங்கன்னா இன்னொரு ஸ்கூல் தேடி அலைய என்னால ஆவாது டீச்சரம்மா. இருக்கவே இருக்கு பட்டறை. உம்மாகூட ஒக்காந்து நூல் வெட்டட்டும்."

முதல் நாள் அவளை வாசிக்கச் சொன்னேன். என்ன வாசிப்பு அது! தடுமாற்றம் இல்லை, திணறல் இல்லை. காற்புள்ளியில் குரல் லேசாக மடங்கியது, முற்றுப்புள்ளியில் இறங்கி அமர்ந்தது. கீழே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காதர் பாய் ஏணியில் பாதி ஏறி, தலை மட்டும் தரைக்கு மேலே தெரிய, கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பிடி டீச்சரம்மா?"

"ரொம்ப அழகு," என்றேன். மனசாரச் சொன்னேன். அதுவே நான் செய்த முதல் தவறு. அவர் இறங்கிப் போனார். மெஷின்கள் மறுபடி ஓடின, கொஞ்சம் உற்சாகமாகவே.

நஸ்ரின் புத்தகத்தைக் கவிழ்த்தாள். "சொல்லு," என்றேன்.

"என்னத்த?"

"வாசிச்சத."

"இப்பதான வாசிச்சேன்? நீங்க கேக்கலியா?"

"கேட்டேன். உன் வார்த்தைல சொல்லு."

என் முகத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு திடமான குரலில், "ஒரு ஆளு இருந்தான். அவன் நல்லவன். எல்லாரும் அவனுக்கு மரியாதை குடுத்தாங்க," என்றாள்.

பத்தி தேனீக்கள் கூடு கட்டுவதைப் பற்றியது.

ஒப்பிட்டுப் பார் என்றேன். மூன்று வாக்கியத்துக்கும் டிக் போட்டு நோட்டை நீட்டினாள்.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. படம் போட்ட மெல்லிய கதைப் புத்தகங்களைக் கொண்டுபோனேன். "நா என்ன கேஜியா டீச்சர்?" என்று இரண்டு விரலால் தள்ளிவைத்தாள். அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்தபோது ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டேன், அவ்வளவு அழகான யோசனை. பட்டறையில் வெட்டிப் போட்ட தோல் துண்டுகளைப் பார்த்தே இது எந்தப் பர்ஸ், ஜிப் எங்கே வரும் என்று சொல்கிற பெண் அவள். ஆகவே சொன்னேன்: "பத்தியும் ஒரு பர்ஸ்தான் நஸ்ரின். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு துண்டு. எந்தத் துண்டு எதோட தைக்குதுன்னு பாரு." இன்னும் என்னென்னவோ சொன்னேன். வாக்கியங்களை எண்ண மறந்துவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "பர்ஸ்ல காசாச்சும் வைக்கலாம் டீச்சர். இதுல என்னத்த வைக்க?"

மோசமான பெண் இல்லை. சோம்பேறியும் இல்லை. நான் ஏணியில் இறங்கும்போது கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், முழங்காலுக்கு ஆகாதென்று. செப்டம்பரில் ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், டி.சி. நெசமாவே குடுத்துருவாங்களா?"

"உனக்குத்தான் வாசிக்கவே பிடிக்காதே. ஸ்கூல் போனா என்ன?"

"வாசிக்கத்தான் புடிக்காது. ஸ்கூல் புடிக்கும்." கயிற்றின் பிரியை நகத்தால் கிள்ளினாள். "காலைல அந்த ரயில்வே பிரிட்ஜ் ஏறி எறங்குறேன்லா, அந்தப் பத்து நிமிஷம் எங்கூட யாருமே வரமாட்டாங்க. வாப்பா இல்ல, உம்மா இல்ல, யாரும் இல்ல. நா மட்டும். ஸ்கூல் நின்னா அதுவும் நின்னுரும்."

அவளுக்கு வேண்டியது புத்தகம் அல்ல, ஒரு பாலம். எனக்கு அதில் வருத்தமில்லை. பாலத்துக்காக வாசிக்கிறவளும் வாசிக்கிறவளே.

அடுத்த பாடத்தில் நேரடியாகக் கேட்டேன். "புரியாத இடம் வந்தா ஏன் நிறுத்த மாட்டேங்கிற? ஏன் மேல போய்ப் பாக்க மாட்டேங்கிற?"

ஆச்சரியமாகப் பார்த்தாள். "நடுவுல நிறுத்துனா தப்புலா?"

சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. மதரஸாவில் ஓதும் போட்டியில் அவள் வாங்கிய முதல் பரிசு. ஐந்து வயதிலிருந்து அவள் ஓதுகிறாள். ஓர் ஒலி பிசகாமல், கண்ட இடத்தில் நிறுத்தாமல். புனிதமான சொல்லுக்கு உரிய ஒழுங்கு அது. நானும் சிறுமியாகச் செம்பூர்க் கோயிலில் பதிகம் பாடி டிபன் டப்பா பரிசு வாங்கியவள்தான். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. ஆனால் ஓர் எழுத்து தவறினால் உடம்பு பதறும். அன்றுதான் எனக்கு விளங்கியது. நஸ்ரினுக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஓரிடத்துக்கு உரிய வாசிப்பை இன்னோரிடத்தில் மிகச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள்.

நிறுத்தலாம் என்று சொன்னேன். தலையாட்டினாள். நிறுத்தவில்லை. பத்து வருடத்து ஒழுங்கு. நான் யார் அதைக் கலைக்க?

அந்த வாரமே ஒரு மழை நாள். குடையைக் கீழே விட்டுவிட்டேன் என்று பாட நடுவில் இறங்கினேன். பட்டறை வாசலுக்கு வெளியே, சந்தில், நீல பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் நஸ்ரினின் உம்மா சபுரா குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இடுப்புச் சேலையில் ஈரம் ஏறியிருந்தது. முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப். தைத்த பர்ஸுகளில் நீட்டிக்கொண்டிருந்த நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி வெட்டி அதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கயா இருக்கீங்க, இந்த மழைல?"

"நீங்கதான டீச்சரம்மா பாடம் முடியுத வரைக்கும் வெளிய இருக்கச் சொன்னிய. பட்டறைக்குள்ள ஆம்பளைய வேல செய்யுதாவ. நா இங்கனதான் இருப்பேன்."

"எப்பவுமா?"

"நீங்க வந்த நாள்லேர்ந்து."

மூன்று மாதம். வாரம் இரண்டு நாள். அந்த ஒரு மணி நேரம் அவள் எங்கே போகிறாள் என்று நான் ஒரு தடவை யோசித்ததில்லை. படுக்கையறையும் கூடமும் இருக்கிற வீட்டுக்காக எழுதிய விதி அது. ஒரே அறை இருக்கிற வீட்டில் அந்த விதிக்கு அர்த்தம் சந்து. இருபது வருடமாகத் தாராவியில் ஏணி ஏறிக்கொண்டிருந்தவள் நான். விதியை வாசித்திருந்தேன். பொருள்கொள்ளவில்லை.

"மேல வாங்க," என்றேன். குடையை எடுக்க மறந்துவிட்டேன்.

சபுரா டப்போடு ஏறி வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழும் வாசிக்க வராது, இங்கிலீஷும் வராது. நஸ்ரின் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ரயில்வே கேட் காவலாளி ஒருவனைப் பற்றிய பத்தி. அதே ஆறு போன்ற ஓட்டம். நாலாவது வரியில் மூலையிலிருந்து குரல் வந்தது.

"யாருளா அது?"

நஸ்ரின் நிறுத்தவில்லை.

"ஏளா, ஒன்னத்தான். வாட்ச்மேன் வாட்ச்மேன்ங்கியே, யாரு அவன்?"

"ம்மா! நடுவுல பேசாத. நிறுத்தக் கூடாது."

"அது ஓதுறதுளா. அதத்தான் நிறுத்தக் கூடாது. இது எவனோ கத சொல்லுதான். கத சொல்லுதவன நிறுத்திக் கேக்காம பொறவு எவனக் கேக்க?"

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

"ரயில்வே கேட் வாட்ச்மேன்மா," என்றாள் சலிப்போடு.

"என்ன செஞ்சாம்?"

"கேட்ட சாத்திட்டான்."

"எதுக்கு?"

"ரயில் வருதுல்ல?"

"ரயில் எத்தன மணிக்கு?"

நஸ்ரின் குனிந்தாள். "ஆறு மணிக்கு."

"இவன் எத்தன மணிக்குச் சாத்துனாம்?"

நஸ்ரினின் விரல் பக்கத்தின் கீழிருந்து மேலே ஏறியது. ஒரு வரி, இரண்டு வரி, ஐந்து வரி. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் மேல்நோக்கிப் போனாள்.

"நாலு மணிக்கு."

"நாலு மணிக்கா?" கத்தரி நின்றது. "ரெண்டு மணி நேரம் சனம் எப்பிடிப் போவும்? புள்ளத்தாச்சி வந்தா என்ன செய்வா? கிறுக்கனா அவன்?"

"தெரியலம்மா. இரு, பாக்கேன்."

'இரு, பாக்கேன்.' என் நோட்டில் அந்த இரண்டு சொல்லை எழுதி, தேதி போட்டு, கோடிட்டேன். சபுரா ஏறி வந்தபின் நான் பேசிய வாக்கியங்கள் பூஜ்யம்.

அதன்பின் என் வேலை பாயில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். சொல்லச் சுலபம், எனக்கு அது தவம். சபுராவை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தச் சந்தில் ஒரு சண்டை நடந்தால், யார் முதலில் பேசினார்கள், யார் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள் என்பதுவரை கேட்டு முடிக்காமல் விடமாட்டாள். நஸ்ரின் தமிழில் சொல்லச் சொல்ல, அதே கண்டிப்போடு ஆங்கிலப் பாடப் புத்தகத்தை விசாரித்தாள். "அவ இப்பதான அழுதான்னு சொன்ன, அதுக்குள்ள எப்பிடிச் சிரிப்பா?" நஸ்ரின் எரிச்சல்படுவாள், மேலே போவாள், கண்டுபிடிப்பாள், வெற்றியோடு உம்மாவின் முகத்துக்கு நேரே சொல்வாள். சில நாள் உம்மா கேட்பதற்கு முன்பே நின்றாள். "இத நீ கேப்ப," என்று தானே தேடினாள். நோட்டில் வட்டங்கள் குறைந்தன. டிக்குகள் வந்தன. முக்கியமாக, கோடுகள் வந்தன: விட்டுப்போனது எது என்று அவளுக்கே தெரியத் தொடங்கியது.

நவம்பரில் கோமதி மேடம் வந்தார். ஏணிக்குக் கீழே செருப்புகள் ஜோடியாக நிற்பதை மேலிருந்து பார்த்தேன். விதியை மீறி அகப்பட்டேன். சபுரா டப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மேடம் உள்ளங்கையைக் கீழே காட்டினார்: உட்கார். ஒரு மணி நேரம். பென்சில் நகரவே இல்லை. டீயில் ஆடை படிந்தது. குடித்தார், போனார்.

மறுநாள் சீட்டு இருந்தது. நின்றுகொண்டே வாசித்தேன். 'அந்த அம்மாவுக்கு ஒரு வருகைப் பதிவேடு போடு.'

ஜனவரிப் பரிசோதனை மாட்டுங்கா அறையில். உம்மா உள்ளே வர முடியாது. காதர் பாய் பூக்கடை ஓரமாகக் கீழே நின்றார். மையத்துக்கென்று ஒரு பரிசோதனைப் பத்தி உண்டு. பழைய ஆங்கிலக் கதைத் தொகுப்பொன்றிலிருந்து நகலெடுத்தது, இரண்டு பக்கம். பல வருடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான். ஒருவன் எருமையை விற்கச் சந்தைக்கு ஓட்டிப்போகிறான். நல்ல விலைக்கு ஆள் கிடைக்கிறது. கடைசியில் எருமையோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறான். மனைவி கதவைத் திறக்கிறாள்.

நஸ்ரின் உரக்க வாசித்தாள். பக்கத்தைத் திருப்பி ஒரு வரி வாசித்ததும் நின்றாள். மறுபடி முன்பக்கம் போனாள். மறுபடி பின்பக்கம் வந்து அதே இடத்தில் நின்றாள். நிமிடங்கள் போயின. மேடத்தின் பென்சில் அட்டைமேல் காத்திருந்தது. எனக்குப் பேச அனுமதி இல்லை. பயத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது, பாலம் போயிற்று என்றே நினைத்தேன்.

"மேடம், ஒரு எடத்துல ஒட்டல," என்றாள்.

"எங்கே?"

"வாங்குற ஆளு சரின்னுட்டான். இவனும் சரின்னுட்டான். அடுத்த வரில எருமையோட வீட்டுக்கு வந்து நிக்கிறான். நடுவுல என்னமோ இல்ல."

"ஏன் திரும்பி வந்தான்னு நீ நினைக்கறே?"

"நா நெனச்சு என்ன மேடம்? நா சொன்னா அது வட்டம்தான?" தாளைத் தூக்கிக் காட்டினாள். "இங்க கீழ பக்க நம்பர் பாருங்க, நாப்பத்தொண்ணு. பின்னாடி நாப்பத்து நாலு."

கோமதி மேடம் தாளை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'ஏன் திரும்பினான்?' என்பதுதான் அந்தப் பரிசோதனையின் கடைசிக் கேள்வி. மையத்தின் விடைக்குறிப்பில் பதில் இருக்கிறது: 'எருமையின் மேல் அவனுக்கிருந்த பாசம்.' அதை எழுதியது நான். எழுதும்போது கண் கலங்கியதுகூட நினைவிருக்கிறது.

"மரகதம், பாசம்னு சொன்ன எத்தனை குழந்தைக்கு மார்க் போட்டிருக்கோம்?"

"எல்லாருக்கும் மேடம்."

அட்டையில் 'தேறினாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் ஜன்னல் வழியாகக் கீழே கையாட்டினேன். காதர் பாய் புரிந்துகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்துக் கடையில் ஒரு முழம் பூ வாங்கினார்.

நஸ்ரின் பத்தாவது எழுதினாள், பன்னிரண்டாவது எழுதினாள். இப்போது வடாலாவில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. வாசிக்க இன்றும் பிடிக்காது. ஒரு தாளில் எது இல்லை என்பதை அந்த ஆபீஸில் முதலில் சொல்பவள் அவள்தான் என்று கேள்விப்பட்டேன். வாசிப்பில் பிரியம் வரவைப்பது என் உத்தியோகம் இல்லை. நிறுத்தவைப்பது என் உத்தியோகம். இதை அந்த இரண்டு ஆசிரியைகளுக்கும் அடித்துச் சொன்னேன். அவர்கள் டேப்லட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த ஜனவரி மதியம் அட்டையோடு முடியவில்லை. கோமதி மேடம் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். நானும் அவரும் அடித்தட்டுவரை கலைத்தோம். தூசி, கரையான் அரித்த பதிவேடுகள், அவற்றுக்கடியில் அட்டை கிழிந்த அந்தப் பழைய தொகுப்பு. மேடம் அதைத் தான் பிரிக்கவில்லை, எனக்கும் தரவில்லை. நஸ்ரினிடம் நீட்டினார். நகலில் விட்டுப்போன அந்த இரண்டு பக்கத்தை நாங்கள் இருவருமே வாசித்ததில்லை. அவள் சத்தமில்லாமல் வாசித்தாள். இரண்டு தடவை மேலே போய் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவள் புத்தகத்தைக் கவிழ்த்தாள்.

"பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். வாங்குறேன்னு சொன்ன ஆளு, இங்கயே நில்லு, வண்டி கொண்டாறேன்னுட்டுப் போனான். திரும்பி வரவே இல்ல. இவன் அவன நம்பி சந்த கலையிற வரைக்கும் அங்கயே நின்னுருக்கான்."

கோமதி மேடம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றி. நானும் சிரித்தேன். நஸ்ரின் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி மறுபடி அந்த இடத்துக்குப் போயிருந்தாள்.

"நாள் பூரா வெயில்ல நின்னுருக்கான்," என்றாள். "எருமைக்கு யாரு தண்ணி காட்டுனா?"

மூவரும் பக்கத்தின் மேல் குனிந்தோம். வரிவரியாகத் தேடினோம். அது அந்தக் கதையில் இல்லை.